சார் மீட்டிங்கில் இருக்கிறார்

கணக்குப் பிரிவில் என் வேலை சப்ளையர்களுக்குப் பணம் தருவது. சரியாகச் சொன்னால், பணம் தராத நாட்களில் அவர்களுக்குப் பதில் சொல்வது. "செக் கையெழுத்துக்குப் போயிருக்கு", "சார் மீட்டிங்கில் இருக்கிறார்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

பக்கத்து மேசைக்காரர் ஜெபம் தவறாதவர். அவர் மட்டும், "இந்த வாரம் பணம் வராதுங்க, அடுத்த வாரம் கேளுங்க" என்பார். எரிச்சலான மேலாளர் ஒருநாள், "உங்க வேதத்திலேயே மருத்துவச்சிகள் பொய் சொல்லலையா?" என்று மடக்கினார்.

கேள்வி என்னவோ சரிதான். எபிரெயரின் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்து மன்னன் பார்வோனிடம், "நாங்கள் போவதற்குள் எபிரெயப் பெண்கள் பெற்றுவிடுகிறார்கள்" என்று சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் சமாளிக்கிறார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்கிறது பைபிளின் யாத்திராகமம். எல்லாப் பொய்யும் பாவமே என்ற பழங்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் அகுஸ்தீன், நன்மை கிடைத்தது அவர்களின் இரக்கத்துக்கு, பொய்க்கு அல்ல என்று விளக்கம் சொன்னார். மகாபாரதத்துக் கௌசிகரோ உண்மையே பேசுவதென்ற விரதத்தைக் காக்க, ஒளிந்திருந்தவர்களைக் கொள்ளையரிடம் காட்டிக்கொடுத்து நரகம் போனவர். பிணங்கியவர்களைச் சேர்த்துவைப்பதற்காகச் சொல்லும் பொய்யை நபிமொழியும் பொறுத்துக்கொள்கிறது. வள்ளுவர்கூடப் பொய்க்கு வாசலைத் திறந்துதான் வைத்தார், "புரைதீர்ந்த நன்மை", அதாவது குற்றமற்ற நன்மை, தரவேண்டும் என்ற பூட்டோடு.

ஆனால் மருத்துவச்சிகள் பொய் சொன்னது தங்களைக் கொல்லக்கூடிய ஒருவனிடம். நாங்கள் சொன்னது, கூலி கொடுக்கப் பணமில்லாமல் காத்திருந்தவர்களிடம். அந்தக் கதையில் எங்கள் மேலாளருக்கு ஓர் இடம் உண்டென்றால் அது பார்வோனின் நாற்காலிதான். அதை அன்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இன்னொரு சகா கெட்டிக்காரர். போன் வந்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார், "சீட்டில் இல்லை" என்பது நிஜமாகிவிடும். இதற்கு நெருங்கிய ஒன்றை, பாதியை வாயால் சொல்லி மீதியை மனசுக்குள் வைத்துக்கொள்ளும் வித்தையை, முன்பு சில இறையியலாளர்களே நியாயப்படுத்தினார்கள். 1679-இல் போப் பதினோராம் இன்னசென்ட் அதைக் கண்டித்தார்.

அப்புறம் ஒருநாள், அடிக்கும் கணவனிடமிருந்து விலகி வந்திருந்த எங்கள் சகப் பணியாளரைத் தேடி அவனே போன் செய்தான். எடுத்தவர் பக்கத்து மேசைக்காரர். "அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லீங்க" என்றார், குரலில் தடுமாற்றமே இல்லை.

"இது மட்டும் பொய் இல்லையா?" என்று கேட்டேன்.

"பொய்தான். ராத்திரி ஜெபத்தில் மன்னிப்புக் கேட்பேன். நாளைக்கு மறுபடி கூப்பிட்டாலும் இதையேதான் சொல்வேன்" என்றார்.