லத்திக் கணக்கு

மே 3
டாக்டர் எங்கள் குதிரை சிட்டுவின் காலைத் தடவிப் பார்த்து, "லாயத்தை விட்டு வெளியே விடாதீங்க, தசைநார் காயம் ஆற மாசக்கணக்கு ஆகும்" என்றார். அப்புறம் பேசியதெல்லாம் வயிற்றைப் பற்றித்தான். நடை நின்றால் குடலும் மந்தமாகிவிடுமாம். பெருங்குடல் திரும்புகிற குறுகலான இடத்தில் காய்ந்த தீனி அடைத்துக்கொண்டால் போச்சு. குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது.

மே 4
விடிவதற்குள் மூன்று தடவை லத்தி போட்டாள். ஈரமாகத்தான் இருக்கிறது.

மே 6
கொள்ளுச் சண்டை. "கொள்ளு இல்லாம அது குதிரையாடா? இளைச்சுப் போயிடும்." அப்பாவுக்கு ஜட்கா ஓட்டிய காலத்துக் கணக்கு. அது ஓடிய குதிரை, இது நிற்கிற குதிரை. தானியம் மிஞ்சினால் பெருங்குடலில் போய்ப் புளித்து வாயு கட்டும், குளம்புக்கும் ஆகாது. ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது. தீனி மாறினால் குடல் பழக ஒரு வாரம், பத்து நாள் வேண்டும். தினம் ஒரு பிடி குறைக்கிறேன், அவருக்குத் தெரியாமல்.

மே 9
வெயில் கொளுத்துகிறது. மேய்ந்த நாளில் பச்சைப் புல்லிலேயே பாதித் தண்ணீர் கிடைத்துவிடும். இப்போது எல்லாம் காய்ந்த புல். சும்மா நிற்கிற குதிரைக்கே ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லி வேண்டும், சிட்டு 350 கிலோ இருப்பாள். தொட்டியில் அளவு தெரியாது என்று வாளிக்கு மாறினேன். தீனியில் உப்பு தூவினேன். குடித்தாள்!
மச்சான் ராகித் தாள் ஒரு வண்டி தருகிறேன் என்றார். முரட்டுத் தாள், வேண்டாம் மச்சான் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

மே 10
வலி மாத்திரையே வயிற்றில் புண் போடுமாம். தின்றாலும் தின்னாவிட்டாலும் குதிரைக்கு அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும், ராத்திரி முழுக்க வெறும் வயிற்றோடு எப்படி விடுவது? கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேம் மீன்காரரிடம் சொல்லி, தடித்த கயிற்றில் சின்னக் கண்ணியாக வலை பின்னி வாங்கினேன். கால் மாட்டாத உயரத்தில் புல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இழுத்து இழுத்து மெதுவாகத் தின்கிறாள்.

மே 14
பக்கத்து வீட்டுப் பாப்பா கொட்டையோடு மாம்பழம் நீட்டுகிறது. சந்தூர்ப் பழமாம். 'யாரும் எதுவும் போடாதீர்கள்' என்று கதவில் எழுதி மாட்டினேன். "உன் பொண்ணுக்கு வயிறு சரியில்லாதப்போ போர்டு மாட்டினியாடா?" என்கிறாள் அம்மா.

மே 15
எட்டு தடவை.

மே 17, ராத்திரி
மதியத்திலிருந்து ஒன்றும் போடவில்லை. வலையில் புல் அப்படியே. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், மேலுதட்டைச் சுருட்டுகிறாள். வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். இடப்பக்கம் லேசாக உருளுகிறது, வலப்பக்கம் சத்தமே இல்லை. நாடி 52, வழக்கத்தைவிட அதிகம். ஈறு இளஞ்சிவப்புதான், அதைப் பார்த்ததில் கொஞ்சம் மூச்சு வந்தது. தீனியை எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர், தர்மபுரியிலிருந்து கிளம்பிவிட்டாராம். அப்பா நடக்க வைக்கலாம் என்கிறார். எந்தக் காலில் நடப்பாள்?

மே 18
மூக்கு வழியாகக் குழாய் விட்டு உப்புத் தண்ணீரும் பாரபின் எண்ணெயும் இறக்கினார். விடியற்காலையில் போட்டாள். கெட்டி உருண்டை, மேலே சளி. அப்பா கையில் எடுத்து உடைத்துப் பார்த்தார். கொள்ளைப் பற்றிப் பேச்சே இல்லை.

மே 19
ஆறு. புல்லை நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாமாம். அப்பா, ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போகலாம் என்கிறார். இவளுக்குத் துணையாக இன்னொன்று வாங்க வேண்டுமாம். இந்த மனுஷனை என்ன செய்வது?