நாற்பது மடங்கு இருட்டைத் தேடி

நெபுலா எனும் விண்வெளி வாயு மேகங்களைப் படமெடுக்க நான் எங்கும் போவதில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டுமே ஒளிர்பவை. அந்த ஒளியை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரை மாட்டிக்கொண்டால், தெருவிளக்குகளுக்கு நடுவே மொட்டைமாடியிலிருந்தே எடுத்துவிடலாம். கேலக்ஸிகளிடம் இது பலிக்காது. அவற்றிலிருந்து வருவது பெரும்பாலும் விண்மீன்களின் ஒளி. நீலத்திலிருந்து சிவப்பு வரை எல்லா நிறமும் அதில் உண்டு. எல்இடி விளக்கின் வெளிச்சமும் அப்படியே. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் போய்விடும். ஆகவே கேலக்ஸி என்றால் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்தை விட்டு இருட்டான மலைக்குப் போக வேண்டியதுதான்.

எவ்வளவு லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வானத்தின் பின்னணி வெளிச்சத்தைச் சதுர ஆர்க்செகண்டுக்கு (வானத்தின் மிகச் சிறு துண்டுக்கு) இத்தனை மேக்னிட்யூட் (ஒளிர்வின் அளவு) என்று அளப்பார்கள். எண் கூடினால் இருட்டு கூடுகிறது. பெருநகர வானம் 18 அளவில் இருக்கும். விளக்கு வெளிச்சம் கலக்காத வானம் 22-ஐத் தொடும். இந்த 4 மேக்னிட்யூட் வித்தியாசம் வெளிச்சத்தில் ஏறக்குறைய 40 மடங்கு. மங்கலான பொருள்களை விழுங்குவது பின்னணி வெளிச்சம் கிளப்பும் இரைச்சல் என்பதால், பின்னணி எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு நேரம் படமெடுத்தால்தான் அதே தெளிவு கிடைக்கும். மலைமேல் ஒரு மணி நேரத்தில் கிடைப்பதற்கு மாடியில் 40 மணி நேரம் உட்கார வேண்டும். பெரிய தொலைநோக்கிக்குச் சேமிக்கும் நண்பர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதைத்தான்: முதலில் சின்னதைத் தூக்கிக்கொண்டு இருட்டுக்குப் போங்கள்.

என்னுடையது 80 மி.மீ. லென்ஸ், 480 மி.மீ. குவியத் தூரம், எஃப்/6. தொலைநோக்கியைத் தாங்கி விண்மீன்களோடு சேர்த்துத் திருப்பும் மவுண்ட், பேட்டரி, மடிக்கணினி எல்லாம் சேர்த்துக் காரின் பின்சீட்டில் அடங்கிவிடும். மார்ச் அமாவாசையையொட்டி நண்பனும் நானும் கிளம்பினோம். நிலா இல்லாத இரவுகள் எல்லா மாதமும் வரும். ஆனால் சிம்மமும் கன்னியும் நள்ளிரவையொட்டி உச்சிக்கு வருவது மார்ச், ஏப்ரலில்தான். பால்வீதியின் தூசித் தளத்திலிருந்து விலகிய திசை அது. அங்கே பார்த்தால் நம் கேலக்ஸியைத் தாண்டி வெளியே தெளிவாகத் தெரியும்.

பொழுது சாயும் முன்பே மலைமேல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே முக்காலியை மட்டம் பார்த்து ஊன்றி, கேபிள்களைக் கட்டிவிட்டால் பிறகு டார்ச் தேவைப்படாது. துருவ விண்மீன் தெரிந்ததும் போலார் அலைன்மென்ட், அதாவது மவுண்டின் அச்சை வானின் துருவத்துக்கு நேராக்குவது. அந்த விண்மீன் உண்மையான துருவத்திலிருந்து அரைப் பாகைக்கும் சற்றுக் கூடுதலாக விலகி நிற்கிறது. அதைப் பார்த்து வைத்தால் மட்டும் போதாது, விலகலையும் ஈடுகட்ட வேண்டும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கும்வரை காத்திருந்து ஷட்டரைத் திறந்தோம்.

முதல் இலக்கு சிம்மத்தின் மூவர் எனும் மூன்று கேலக்ஸிகள்: எம் 65, எம் 66, என்ஜிசி 3628. மூன்றும் சுமார் மூன்றரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவில், ஒரே படச் சட்டத்துக்குள் அடங்குபவை. முதல் இரண்டும் 1780-இலேயே பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியேயின் பட்டியலில் ஏறிவிட்டன. பக்கத்திலேயே கிடந்த மூன்றாவது அவர் கண்ணில் படவில்லை. 1784-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். விளிம்பு நம் பக்கம் திரும்பியிருப்பதால் அதன் நடுவே தூசிப் பட்டை கருப்பாக ஓடுகிறது. எனக்கு மூன்றிலும் பிடித்தது அதுதான், காரணம் அதன் வால். எம் 66-ஐ ஒரு காலத்தில் நெருங்கிக் கடந்தபோது ஈர்ப்பு விசை பிய்த்து இழுத்த விண்மீன்கள், ஏறக்குறைய 3 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. நம் வானில் அது முழுநிலவின் அகலம்! அவ்வளவு பெரிது, ஆனால் அவ்வளவு மங்கல். நகரத்திலிருந்து எடுத்த என் படங்கள் எதிலும் அதன் சாயல்கூட இல்லை.

மூன்று நிமிடத்துக்கு ஒரு சப், அதாவது பிறகு ஒன்றாகச் சேர்க்கப்போகும் தனிப் படம். இரண்டு மூன்றுக்கு ஒருமுறை சட்டத்தைச் சில பிக்சல்கள் நகர்த்தும் டிதரிங். இடம் கொடுத்த தோட்டக்காரப் பெரியவர் திரையை எட்டிப் பார்த்தார்.

“புகை மாதிரி இருக்கே தம்பி. இதுக்கா இவ்வளவு தூரம்?”

“ஆமாங்கய்யா. இந்த வெளிச்சம் கிளம்பி மூன்றரைக் கோடி வருஷம் ஆச்சு.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

சிம்மம் மேற்கே சரியத் தொடங்கியதும் கன்னிக் கொத்து எனும் கேலக்ஸிக் கூட்டத்துக்குத் திருப்பினோம். மார்க்கேரியன் சங்கிலி எனும் கேலக்ஸி வரிசை அங்கே வளைந்து கிடக்கிறது. பெரும்பாலான கேலக்ஸிகள் நம்மைவிட்டு விலகிப் போகையில், சங்கிலியில் உள்ள எம் 86 நம்மை நோக்கி வருகிறது. விநாடிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். கொத்துக்குள் அது விழும் வேகம், பிரபஞ்ச விரிவையே மிஞ்சிவிடுகிறது. ஒரு சிறு மங்கல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இதை நினைப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

விடியலில் திருத்தப் படங்கள்: லென்ஸின் மூலை இருட்டைச் சரிசெய்ய வெளுத்த வானத்தை நோக்கி ஃபிளாட், கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க லென்ஸை மூடி டார்க். பலர் களைப்பில் இவற்றைத் தவிர்ப்பார்கள். கேலக்ஸியின் மங்கலான விளிம்பும் லென்ஸின் மூலை இருட்டும் ஒரே அளவு வித்தியாசம்தான். ஃபிளாட் இல்லாமல் எது எதுவென்று பிரிக்கவே முடியாது.

வீடு திரும்பி, சப்களை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டாக்கிங் முடித்து, மங்கலானவை தெரிய ஸ்ட்ரெச் செய்ததும், என்ஜிசி 3628-இன் கிழக்கே மெல்லிய நீட்சி ஒன்று தெரிந்தது. சந்தேகமாக இருந்ததால் சப்களை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே ஸ்டாக் செய்தேன். இரண்டிலும் அதே இடம், அதே திசை. வால்தான்! இதை இருமடங்கு தெளிவாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஏப்ரல் அமாவாசைக்கும் வருவதாகப் பெரியவரிடம் சொல்லியாயிற்று. அந்த முறை கன்னியை விட்டுவிட்டு, சிம்மம் இறங்கும்வரை அந்த வாலை மட்டுமே எடுக்கப்போகிறோம்.