வாலையில் நீலகிரித் தைலம்: ரப்பர் போய் மைதா வந்தது

ஒருவழியாக என் வாலையில் (ஆவியாக்கிக் குளிரவைத்து வடிக்கும் அமைப்பு) ரப்பர் வாடை இல்லாத நீலகிரித் தைலம் இறங்கிவிட்டது! கோத்தகிரியிலிருந்து வந்த கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை, பழைய குக்கர், ஏசி மெக்கானிக்குகள் வாங்கும் செம்புக் குழாய், வாளித் தண்ணீர். அமைப்பில் புதுமை ஒன்றுமில்லை. குடைச்சல் கொடுத்ததெல்லாம் இணைப்புகள்தான்.

இந்த எண்ணெயில் பெரும்பங்கு சினியோல் என்ற வாசனைப் பொருள். அது ரப்பரைச் சும்மா விடாது. காஸ்கெட் ஊதிப் பிசுபிசுத்து, வடிநீர் முழுக்க டயர் கடை நாற்றம். சிலிக்கான் டியூப் தாங்கும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். அதுவும் உப்பிக் கழன்றது. குழாய் மூட்டில் டெஃப்லான் டேப் மட்டுமே அசையாமல் நின்றது. மூடி விளிம்புக்குச் சித்த வைத்தியர்களின் சீலைமண்தான் (மண் தடவிய துணியால் மூடியை அடைப்பது) வழிகாட்டி. மண்ணுக்குப் பதில் மைதா. தண்ணீர் குறைத்துக் கெட்டியாகப் பிசைந்து, காடாத் துணியில் தடவிச் சுற்றி, இளஞ்சூட்டில் காயவிட வேண்டும். ஈரத்தோடு சூட்டைக் கூட்டினால் வெடித்து ஆவி சீறும். குழாய் அடைத்துக்கொண்டாலும் முதலில் பிய்வது மாவுதான் என்பதால் எனக்கு அதில் கூடுதல் நிம்மதி.

அடுப்பு இண்டக்‌ஷன் மட்டுமே. எண்ணெய் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். கிலோ இலைக்குச் சுமார் 10 மில்லி தேறியது. எண்ணெயையும் நீரையும் தனியாகப் பிரிக்கும் பிரிபுனல் வாங்கப் பாரிமுனையில் விலை கேட்டேன், தலை சுற்றியது. இப்போதைக்கு ஊசியில்லா கண்ணாடி சிரிஞ்சால் மேலே மிதப்பதை உறிஞ்சுகிறேன். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறையின்றிப் பறக்கிறது, சமையல் எண்ணெய் கலந்திருந்தால் கறை நிற்கும். கடை பாட்டிலில் டர்பன்டைன் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது, அதுவும் பறந்துவிடும்.

மூட்டு வலிக்கு 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 மில்லி கலந்து தேய்க்கிறோம். சளிக்கு முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், நோய் அதனால் போய்விடாது. ஜெர்மனியில் சுத்திகரித்த சினியோலை சைனஸ் தொல்லைக்கு மாத்திரையாகத் தருகிறார்கள் என்று சொல்லி, "அப்போ சர்க்கரையில் ரெண்டு சொட்டு விட்டுத் தின்னலாமே?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். கூடவே கூடாது. அளவு தெரிந்த மருந்து வேறு, என் குக்கர் சரக்கு வேறு. சின்னப் பிள்ளை ஒரு டீஸ்பூன் விழுங்கினாலே வலிப்பு வரலாம். அப்படி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கைக்குழந்தையின் மூக்கருகே, மார்பில் தடவுவதும் வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் முகர்வதையே தவிர்ப்பது நல்லது.

அடுத்து ஓமம். விதை வாங்கியாச்சு. அதன் எண்ணெயில் உள்ள தைமால் என்ற பொருள் குளிரில் படிகம் கட்டிக் குழாயை அடைக்கும் என்பதால் வாளியில் ஐஸ் போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அதற்குள் பிரிபுனல் மலிவாக எங்காவது கிடைத்தால் சொல்லுங்கள்.