உப்புத்தண்ணீரில் நின்றுபோன துடிப்பு

போன வாரம் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு மீனவப் பெரியவர் டெட் ஆன போன் ஒன்றைக் கொண்டுவந்தார், படகுக்குள் தேங்கின தண்ணீரில் விழுந்ததாம். "வேற கடையில சிபியு போச்சு, தூக்கிப் போடுங்கன்னுட்டாங்க தம்பி. பேரன் போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு" என்றார்.

பேட்டரிக்குப் பதிலாக, கரண்ட் அளவைக் காட்டும் டிசி சப்ளையில் மாட்டி பவர் பட்டனை அழுத்தினேன். கரண்ட் கொஞ்சம் ஏறி, அதே இடத்தில் நின்றுவிட்டது. ஷார்ட் இல்லை, கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் ஐசியிலிருந்து வரவேண்டிய வோல்டேஜ் எல்லாம் வருகிறது, அப்படியும் போனின் மூளையான சிபியு எழவில்லை என்றால் நான் அடுத்து கை வைப்பது கிளாக் லைனில்தான், சிபியுவுக்குத் தாளம் போடும் துடிப்பு வருகிற கம்பி அது. அலையை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் கோடு தட்டையாகக் கிடந்தது, துடிப்பே இல்லை.

அந்தத் துடிப்பைக் கொடுப்பது கிரிஸ்டல், அந்த போர்டில் இருப்பது 26 மெகாஹெர்ட்ஸ். (குவால்காம் கம்பெனி சிப் உள்ள போர்டு என்றால் 19.2 அல்லது 38.4 இருக்கும்.) குருணை அரிசி அளவில் ஒரு உலோக மூடி, அதற்குள் ஒரு குவார்ட்ஸ் சில்லு. வோல்டேஜ் கொடுத்தால் குவார்ட்ஸ் நெளியும், நெளிந்தால் வோல்டேஜ் கொடுக்கும், இதைப் பயன்படுத்தி ஒரு சர்க்யூட் அதை விநாடிக்கு 2 கோடியே 60 லட்சம் தடவை அதிர வைக்கிறது. மணி காட்டுவதற்கு வேறு ஒரு துடிப்பு உண்டு, 32,768 ஹெர்ட்ஸ். அதைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக விநாடிக்கு ஒன்று. போன் தூங்கும்போது பெரிய கிளாக்கை நிறுத்திவிட்டு இதை மட்டும் ஓட விடுவார்கள். இப்போது பல போன்களில் அதற்கென்று தனிக் கிரிஸ்டல்கூடக் கிடையாது.

ஒரே 26 மெகாஹெர்ட்ஸை நெட்வொர்க் ஐசி, வைஃபை, சிபியு எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பஃபர், அதாவது துடிப்பை வாங்கி அப்படியே கடத்தும் ஒரு தடுப்பு சர்க்யூட், வழியாகத்தான் போகும், ஒன்றின் இரைச்சல் இன்னொன்றுக்குத் தாவக்கூடாது, கேட்காதவனுக்குக் கொடுத்து பேட்டரியை வீணாக்கவும் கூடாது. சரி, சிபியு ஜிகாஹெர்ட்ஸில் ஓடுகிறதே, அது எப்படி? சிப்புக்குள் இருக்கும் பிஎல்எல் (ஃபேஸ் லாக்டு லூப்) என்ற சர்க்யூட் தானே ஒரு வேகமான அலையை உண்டாக்கி, அதை 70-ஆல் வகுத்து, வந்ததை 26-உடன் ஒப்பிட்டுப் பார்க்கும். பிந்தினால் கொஞ்சம் முடுக்கும், முந்தினால் இழுத்துப் பிடிக்கும். இரண்டும் ஒத்துப்போனால் கையில் 1,820 மெகாஹெர்ட்ஸ்.

எனக்கு இதில் பெரிய வியப்பு அதற்கு அப்புறம்தான். அந்தத் துடிப்பு சிப்பின் எல்லா மூலைக்கும் ஏறக்குறைய ஒரே கணத்தில் போய்ச் சேரவேண்டும். கரைவலை இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள், "ஏலேலோ" என்று ஒருவர் குரல் கொடுக்க, "ஐலசா" என்று அத்தனை பேரும் ஒன்றாக இழுக்க வேண்டும். கடைசி ஆளுக்குக் குரல் பிந்திக் கேட்டால் இழுவை கலைந்துவிடும். அதனால்தான் சிப்புக்குள் கிளாக் கம்பியை மரக்கிளை மாதிரிப் பிரித்துப் பிரித்து, எந்தக் கிளை வழியாகப் போனாலும் தாமதம் ஒன்றாக இருக்கும்படி வரைகிறார்கள். வேலையில்லாத கிளைக்குத் துடிப்பை அடைத்தும் வைப்பார்கள். இல்லையென்றால் சும்மா இருக்கிற போனும் சுடும்.

பெரியவர் போனுக்கு வருகிறேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கிரிஸ்டல் காலடியில் உப்புப் பூத்துப் பச்சை படிந்திருந்தது, அந்தக் கசிவே அதிர்வை அமுக்கிவிடப் போதும். ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போட்டுக் கழுவியும் அலை வரவில்லை. உதிரிபாகத்துக்காக வைத்திருக்கும் பழைய டோனர் போர்டிலிருந்து அதே மாடல் கிரிஸ்டலை எடுத்து வைத்தேன், திரையில் கம்பெனி லோகோ வந்தது.

இதில் ஏதோ ஒரு 26 என்று வைத்துவிடக்கூடாது, லோடு கெப்பாசிட்டன்ஸும், அதாவது கிரிஸ்டலோடு சேர்ந்து அதிர்வை நிர்ணயிக்கும் சர்க்யூட்டின் கெப்பாசிட்டர் அளவும், பொருந்த வேண்டும். ஜிஎஸ்எம் என்ற 2ஜி நெட்வொர்க்கில் டவரின் அலைவரிசையிலிருந்து போன் கோடியில் ஒரு பங்குக்கு மேல் விலகக்கூடாது, 900 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் 90 ஹெர்ட்ஸ். அந்தத் துல்லியம் கிரிஸ்டலுக்குத் தானாக வராது. டவர் சிக்னலைப் பார்த்துப் பார்த்து போன் அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. திருத்த முடியாத அளவுக்கு விலகினால் போன் ஆன் ஆகும், நெட்வொர்க் மட்டும் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் மூடியைப் போடுவதற்கு முன்னால் சிம்மைப் போட்டு டவர் எடுக்கிறதா என்று பார்த்தேன். எடுத்தது. போட்டோக்களை முதலில் மெமரி கார்டில் ஏற்றிவிட்டுத்தான் அவருக்குப் போன் போட்டேன்.