பாத்ரூமுக்கு ஒரு ஸ்கிரீன்: கடலூரில் நான் பட்ட பாடு

பாத்ரூமில் ஒரு ஸ்கிரீன் மாட்டி முடிக்க இரண்டு மாதம் ஆனது. கம்பி ஒரு தடவை நடுராத்திரியில் விழுந்தது. டைல்ஸ் ஒன்று விரிசல் விட்டது. புதுச்சேரிக்கு மூன்று தடவை போனேன், மூன்றும் வீண். இப்போது நல்லபடியாகத் தொங்குகிறது, உள்ளே போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். ஆனாலும் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில். பாத்ரூம் ஐந்தடி அகலம், எட்டடி நீளம். கதவைத் திறந்ததும் வாஷ்பேசின், அடுத்து வெஸ்டர்ன் டாய்லெட், கடைசி மூன்றடியில் ஷவர். யார் குளித்தாலும் வாசல்வரை ஈரம். அத்தைக்கு 74 வயது. சித்திரையில் ஒருநாள் விடிகாலை உள்ளே போனவர் கால் வழுக்கி, பேசினைப் பிடித்துக்கொண்டதால் இடுப்பு தப்பியது. அன்றே முடிவு செய்தேன், குளிக்கிற இடத்தைத் தனியாக மறைத்தே ஆக வேண்டும் என்று. கண்ணாடித் தடுப்புக்கு விலை கேட்டால் 28,000 ரூபாய் என்றார்கள். எங்கள் போர் தண்ணீரில் குழாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது, கண்ணாடியைத் தினமும் யார் தேய்ப்பது? அதனால் ஸ்கிரீன்தான் என்று ஆனது. மாட்டுவது மாட்டுகிறோம், கண்ணுக்கு அழகாகவும் இருக்கட்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. பத்து வருஷமாக அந்தச் சந்தன நிற டைல்ஸையே பார்த்துச் சலித்திருந்தேன்.

முதலில் ஆன்லைனில் ஒன்று வாங்கினோம். வாழையிலை போட்ட பச்சை டிசைன், படத்தில் அவ்வளவு அழகு. பிரித்ததும் குப்பென்று ஒரு பிளாஸ்டிக் நெடி. மொட்டைமாடியில் இரண்டு நாள் காயப்போட்டும் போகவில்லை. பிவிசி ஷீட்டில் அந்த நெடி வரும், அதை வளையவைக்கச் சேர்க்கிற ரசாயனங்களும் அதற்கு ஒரு காரணம். வாங்குவதானால் பாலியெஸ்டர் துணியா, இல்லை பீவா என்கிற பிளாஸ்டிக்கா என்று பார்த்து வாங்குங்கள், இவற்றில் நெடி குறைவு.

அதைவிடப் பெரிய தப்பு அளவு. ரெடிமேட் ஷவர் கர்ட்டன்கள் பெரும்பாலும் 72-க்கு 72 இன்ச், அதாவது ஆறடிக்கு ஆறடி. அது பாத்டப் வைத்த வீடுகளுக்கான கணக்கு. அங்கே துணியின் கீழ்முனை தொட்டிக்குள் இறங்கிவிடும், தண்ணீர் வெளியே வராது. நம் வீட்டில் தொட்டி ஏது? தலை இடிக்காத உயரத்தில் கம்பியை வைத்தால், கீழே முக்கால் அடி திறந்தே கிடக்கிறது. ஷவர் தண்ணீர் தரையில் பட்டுத் தெறித்து அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியே வரும். எங்களுக்கும் அப்படியே வந்தது. பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார்கள்.

ஆகவே கம்பி வைக்கப்போகும் உயரத்தை முதலில் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அங்கிருந்து தரைக்கு அளந்து, இரண்டு இன்ச் கழித்துக்கொள்ளுங்கள். வளையத்தையும் சேர்த்து அதுதான் உங்கள் ஸ்கிரீனின் நீளம். எங்களுக்குக் கம்பி 82 இன்ச்சில். வளையம் ஒரு இன்ச் எடுத்துக்கொள்ளும். ஆக 79 இன்ச் துணி வேண்டும். அந்த அளவில் ரெடிமேடாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கம்பிக் கதை தனி. ஆணியும் வேண்டாம், ஓட்டையும் வேண்டாம் என்று ஸ்பிரிங் ராடு ஒன்று வாங்கினார் இவர். இரண்டு சுவருக்கும் நடுவே முறுக்கி இறுக்கிவிட்டால் நிற்கும். ஒரு வாரம் நின்றது. எட்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு டமார் என்று ஒரு சத்தம். அத்தை பதறி எழுந்து, "யாரு விழுந்தது? பாப்பாவா?" என்று இருட்டில் நடந்து வந்துவிட்டார். எந்த விழுகையைத் தடுக்க இவ்வளவும் செய்தேனோ, அதற்கே வழி பண்ணிவிட்டோமே என்று உடம்பு நடுங்கிவிட்டது எனக்கு. வழவழ டைல்ஸ், அதன்மேல் சோப்பும் ஆவியும் படிந்த வழுக்கல், ஈரத்தில் கனத்த துணி, எல்லாம் சேர்ந்தால் அந்த ரப்பர் குமிழ் என்ன செய்யும்? ஐந்தடி அகலத்துக்கு ஸ்பிரிங் ராடை நம்பாதீர்கள். வயசானவர்கள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் பார்ப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். சுவரில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிய பைப்தான் சரி. பிடித்துக்கொள்ள என்று தனியாக ஒரு கைப்பிடியும் வையுங்கள், நாங்கள் வைத்துவிட்டோம்.

எவர்சில்வர் பைப் வாங்கப் புதுச்சேரிக்கே போகலாம், அங்கே ரகம் நிறைய என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம் என்று நெரிசலில் பஸ் ஊர்ந்து, நேரு வீதிப் பக்கம் நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். ஷட்டர் இறங்கியிருந்தது. பாண்டியில் பல கடைகள் மதியம் சாத்திவிட்டு நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? அவசரத்தில் மறந்துவிட்டேன். நாலு மணிக்கு மகளின் ஸ்கூல் வேன் வந்துவிடும். வெறுங்கையோடு திரும்பினேன்.

இரண்டாம் தடவை காலையிலேயே போனேன். "304 கிரேடும்மா, காலத்துக்கும் துரு பிடிக்காது" என்று கடைக்காரர் ஒரு காந்தத்தை எடுத்துப் பைப்பில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. நம்பி 1,400 ரூபாய் கொடுத்தேன். மாட்டிய பதினைந்தாம் நாள், பைப் சுவரில் சேருகிற வட்டத்தட்டைச் சுற்றிக் காப்பித்தூள் தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டியது.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காந்தம் ஒட்டாதது 304-க்குச் சாட்சியே இல்லை. 202 கிரேடிலும் பெரும்பாலும் ஒட்டாது. 304-ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் போல இருக்கும். 202-ல் விலைக்காக நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். பளபளப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் மாதிரி வீடுகளில் உப்புக்காற்று அந்த வித்தியாசத்தைச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

பைப்பைக் கழற்றித் தூக்கிக்கொண்டு மூன்றாம் தடவை போனேன். அதே கடைக்காரர் பில்லை வாங்கிப் பார்த்தார். "இதுல 304-ன்னு எங்கம்மா போட்டிருக்கு? எஸ்.எஸ். பைப்புன்னுதானே இருக்கு." எஸ்.எஸ். என்றால் வெறும் எவர்சில்வர், அவ்வளவுதான். கிரேடு போட்டிருக்கவில்லைதான். வாயால் சொன்னதற்கு ஆதாரம் என்ன? பில்லில் கிரேடை எழுதி வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். எழுதித் தர யோசிக்கிறார்கள் என்றால் வாங்காதீர்கள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அந்தப் பைப்பைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பெரியவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "படிக்கட்டுக்குக் கைப்பிடி அடிக்கிற பட்டறையில கேட்டுப் பாரும்மா, துண்டு கிடக்கும்" என்றார். எவ்வளவு நல்ல யோசனை! செம்மண்டலம் பக்கம் ஒரு பட்டறையில் கேட்டேன். ஒரு வீட்டு மாடிப்படிக்குப் போட்டு மிச்சமான பைப், மேலேயே 304 என்று அச்சு இருந்தது. ஐந்தடிக்கு அறுத்து, முனைகளில் தட்டு வெல்டிங் வைத்து, பாலிஷும் போட்டு 850 ரூபாய். பழைய ஓட்டைகளுக்குச் சரியாக அளவெடுத்துத் தட்டில் துளை போட்டுக் கொடுத்தார் அந்தத் தம்பி. வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் துடைக்கிறேன், இதுவரை ஒரு புள்ளி இல்லை.

ஓட்டை என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பைப் மாட்ட வந்தவர் ட்ரில்லரை ஹேமரில், அதாவது இடித்துக்கொண்டே சுற்றுகிற முறையில் வைத்தே டைல்ஸில் இறக்கிவிட்டார். சட்டென்று மூலையிலிருந்து ஒரு கீறல். அந்த டிசைன் இப்போது வருவதே இல்லை. டைல்ஸைத் துளைக்கும்வரை ஹேமர் கூடாது, டைல்ஸுக்கான பிட்டைப் போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். செங்கல் வந்த பிறகுதான் ஹேமர். பிட் வழுக்காமல் இருக்க முதலில் பேப்பர் டேப்பை ஒட்டி அதன்மேல் குறித்துக்கொள்ளலாம். ஹீட்டருக்குப் போகிற பைப் சுவருக்குள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பிளம்பரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். அடுத்த பக்கத்துச் சுவருக்கு நான் பக்கத்திலேயே நின்று இதையெல்லாம் செய்யவைத்தேன், ஒரு கீறல் விழவில்லை.

இனி துணி. இதுதான் எனக்கு மனசு குளிர்ந்த பகுதி.

79 இன்ச் ரெடிமேடாக இல்லை என்று ஆனபோது, பீரோவில் இவருடைய மூட்டாத கைலி ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. குறிஞ்சிப்பாடி கைலி, நீலத்தில் வெள்ளைக் கட்டம். பிரித்து நீளவாக்கில் தூக்கிப் பிடித்தேன். ரெண்டேகால் மீட்டர், அதாவது 88 இன்ச்! சுருக்கத்துக்கும் மேல் கீழ் மடிப்புக்கும் போக 79 தாராளமாக வரும். அகலம் ஒன்றே கால் மீட்டர், இரண்டைச் சேர்த்தால் ஐந்தடி கம்பிக்குச் சுருக்கு வைத்து விழும் அளவு. நம் மாவட்டத்துத் தறியில் நெய்ததே இவ்வளவு அழகாக இருக்கும்போது வாழையிலைப் படத்துக்கு எதற்குப் போனோம் என்று இருந்தது. இன்னொன்று அதே கட்டத்தில் வாங்கிவந்தேன்.

பருத்தித் துணி நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் இரண்டு அடுக்கு. உள்பக்கம் தண்ணீர் ஒட்டாத வெள்ளை பாலியெஸ்டர், தண்ணீரெல்லாம் அதோடு சரி. வெளிப்பக்கம் கைலி, அழகுக்கு. தைக்கக் கொடுப்பதற்கு முன் கைலியை உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசிக் காயவையுங்கள். எனக்குப் புதுசு மட்டும் மூன்று இன்ச்சுக்கு மேல் சுருங்கியது. தைத்த பிறகு சுருங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

முதல் டெய்லர் வழுக்குகிற துணி என்று பாலியெஸ்டரைத் தொடவே மாட்டேன் என்றார். இரண்டாமவர் தைத்தார், ஆனால் நடுவில் கட்டம் சேரவில்லை. இடது பாதியின் வெள்ளைக்கோடு வலது பாதியில் அரை விரல் கீழே இறங்கி நின்றது. "தூரத்துல தெரியாதுக்கா" என்றார். எனக்குத் தெரிந்தது. பிரித்துத் தைக்கச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து கோட்டுக்குக் கோடு குண்டூசி குத்திக் கொடுத்தேன். இரண்டாம் தடவை தைத்து விரித்தபோது அவரே, "இப்பத்தான்க்கா ஒரே துணி மாதிரி இருக்கு" என்றார்.

வளையம் மாட்ட ஐலெட், அதாவது துளையைச் சுற்றி உலோகப் பூண், அடிக்கும் மிஷின் அவரிடம் இல்லை. ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடைக்குப் போங்கள், அவர்கள் தினமும் அடிப்பதே இதுதான். பன்னிரண்டு ஐலெட், பத்து நிமிஷம். இரும்பில் முலாம் பூசியது வேண்டாம் என்று சொல்லிப் பித்தளையாகக் கேட்டு வாங்கினேன்.

மாட்டிக் குளித்தால், உள் துணி காலில் வந்து வந்து ஒட்டியது. ஷவர் தண்ணீர் விழும் வேகத்தில் உள்ளே காற்று சுழன்று, சுழலின் நடுவில் அழுத்தம் குறைந்து துணியை இழுக்கிறது என்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷ்மிட் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதற்கு 2001-ல் இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள். நமக்கு வேண்டியது கீழே கொஞ்சம் கனம். மீன் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு ஓ.டி.யில், அதாவது கடலூர் பழைய டவுனில் கிடைக்கும் என்றார்கள். ஈயம் விஷம், குழந்தை இருக்கிற வீடு, வேண்டாம் என்று கீழ் மடிப்புக்குள் கோலிக்குண்டுகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் தையல் ஓட்டிவிட்டேன். ஒட்டுவது நின்றுவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு டாய்லெட் பக்கம் ஈரம் இருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை. ஒரு மக்குத் தண்ணீரை ஷவருக்குக் கீழே ஊற்றிவிட்டு நின்றார். பாதி தண்ணீர் போகிற ஜாலிக்குள் போனது, பாதி மெல்ல வெளியே நகர்ந்தது. "வாட்டம் சரியில்லம்மா. இந்த ஓரம் வெளிப்பக்கமா சாஞ்சிருக்கு." ஸ்கிரீன் வாங்குவதற்கு முன் நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலை அந்த ஒரு மக்குத் தண்ணீர். நீங்கள் இன்றைக்கே ஊற்றிப் பாருங்கள். தரை பூராவும் உடைக்காமல், அந்த ஓரத்தில் இரண்டு வரிசை டைல்ஸை மட்டும் எடுத்து வாட்டம் மாற்றிப் பதித்தார். ஸ்கிரீனுக்கு நேர் கீழே அரை இன்ச் கிரானைட் பட்டி, விளிம்பை உருட்டி ஒட்டினார். ஒன்றரை இன்ச் வைக்கலாம் என்றார், அத்தை கால் தடுக்கும் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஒருநாள் கூலியும் பொருளும் சேர்த்து 2,300 ரூபாய்.

குளித்து முடித்ததும் ஸ்கிரீனை ஒதுக்கிவிடாமல் முழுக்க இழுத்து விரித்துவிடுகிறோம், மடிப்பில் ஈரம் தங்கினால்தான் கறுப்புப் புள்ளி வரும். உள் துணியைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சோடா உப்புப் போட்டுத் துவைக்கிறேன். சன்னல் எப்போதும் திறந்தே இருக்கிறது.

நேற்று இவர் குளித்து வந்த கையோடு அத்தை உள்ளே போனார். வெளியே வந்து புடவைக் கரையைக் காட்டினார். "பாரு, நனையல." பாண்டியில் வாங்கிய அந்தப் பைப் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது. அடுத்த வாரம் பழைய இரும்புக்காரர் வரும்போது போட்டுவிட வேண்டும்.