இரண்டடித் தகட்டோடு பட்டி பார்த்த கதை

அறைக்கு நானே பெயிண்ட் அடித்துவிடலாம் என்று இறங்கியபோது, அதில் பாதிக்கு மேல் பட்டி பார்க்கிற வேலைதான், அதாவது பெயிண்டுக்கு முன் கலவை பூசிச் சுவரை மட்டமாக்குகிற வேலைதான் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் ஆறு அங்குலப் பட்டித் தகடு ஒன்று கிடந்தது. அதை வைத்தே முதல் சுவரை முடித்தேன். பகலில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், உழுத வயல் மாதிரி வரிவரியாக மேடு! சின்னத் தகட்டால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஓரத்தில் ஒரு கோடு விழுகிறது. பத்தடிச் சுவருக்கு எத்தனை இழுப்பு என்று கணக்குப் போட்டால் உப்புத்தாள் தேய்க்கப் போகிற கைக்கு இப்போதே வலி வந்துவிடும்.

அப்புறம்தான் ஸ்பேச்சுலா என்கிற அகலமான பட்டித் தகடு ஒன்றை வாங்கினேன். 60 சென்டிமீட்டர் அகலம், அதாவது ஏறக்குறைய இரண்டடி. தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தடிமன் 0.3 மில்லிமீட்டர். முதுகில் அலுமினியப் பட்டை, அதன்மேல் பிடி. இன்னும் அகலமானதும் கிடைக்கிறது. ஆனால் பழகாத கைக்கு இதுவே அதிகம் என்று இப்போது சொல்வேன்.

புதுத் தகடு என்பதால் அப்படியே சுவரில் வைத்தேன். மெல்லிய கீறல் ஒன்று கூடவே வந்தது. விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத பிசிறு. 400 நம்பர் உப்புத்தாளில் விளிம்பை நாலு தடவை உரசி, இரண்டு முனைகளையும் துளி மழுக்கிய பிறகு கீறல் நின்றது. முனை கூராக இருந்தால் தகடு கொஞ்சம் சாய்ந்தாலும் சுவரில் கோடு போட்டுவிடும்.

கலவையில் பெரிய சூட்சுமம் இல்லை. நான் எடுத்தது வெள்ளை சிமெண்ட் பட்டி. ஒரு கிலோவுக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர். தண்ணீரை முதலில் ஊற்றி, பொடியை அதில் கொட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் அடியில் கட்டி தட்டும். கலக்கிப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஒரு கலக்கு. கரண்டியில் எடுத்தால் கெட்டித் தயிர் மாதிரி நிற்க வேண்டும். சிமெண்ட் பட்டி என்பதால் சுவரை லேசாக நனைத்துக்கொண்டேன். காய்ந்த சுவர் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அப்புறம் தகடு வழுக்காது.

எல்லாம் தயார் என்று திரும்பினால், தகடு வாளிக்குள் நுழையவில்லை! இரண்டடித் தகடு எப்படி நுழையும்? இது வாங்கும்போதே தோன்றியிருக்க வேண்டும். பழைய ஆறு அங்குலத் தகட்டால் கலவையை அள்ளி, பெரிய தகட்டின் விளிம்பில் நீளமாகத் தடவிக்கொண்டேன். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை.

முதல் அரை மணி நேரம் படுமோசம். சுவர் மட்டமாக வர வேண்டுமே என்று இரண்டு கையாலும் அழுத்தி இழுத்தேன். அழுத்த அழுத்தப் பள்ளம் பள்ளமாகவே இருந்தது. தெரிந்த பெயிண்டர் அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சுவரோட மல்லுக்கட்டாதீங்க தம்பி. தகடு சும்மா மிதக்கணும்" என்றார். அவர் கையில் வாங்கி ஒரே ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். பிடியில் விரல்கள் தளர்வாகத்தான் இருந்தன.

அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. அகலத் தகடு ஒரு பள்ளத்தின் இரண்டு பக்க மேட்டிலும் பாலம் மாதிரி உட்கார்ந்தால், நடுவில் கலவை தானாக நிற்கும். அதை அழுத்தினால் மெல்லிய ஸ்டீல் வளைந்து பள்ளத்துக்குள் இறங்கி, நிரப்பிய கலவையையே வழித்துக்கொண்டு வந்துவிடும். இரண்டடித் தகட்டை வாங்கி, ஆறு அங்குலத் தகடு செய்கிற வேலையை அதனிடம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மிச்சமெல்லாம் சாய்வில் இருக்கிறது. தகட்டைச் சுவரோடு படுக்க வைத்தால் கலவை தங்கும், நிமிர்த்தினால் வழிக்கும். படுக்க வைத்துப் பூசி, உடனே நிமிர்த்தி ஒரு இழுப்பு. அடுத்த இழுப்பு முந்தைய தடத்தில் நாலு விரல் அகலமாவது ஏறி வர வேண்டும். நடுச்சுவரில் தகட்டைச் சட்டென்று தூக்கினால் அங்கே ஒரு திட்டு நிற்கும். வேகத்தை விடாமல் மெல்ல மேலெழுப்ப வேண்டும், விமானம் கிளம்புகிற மாதிரி. இது கைக்கு வர எனக்கு ஒரு முழுச் சுவர் தேவைப்பட்டது.

முதல் பூச்சு கீழிருந்து மேலாக. நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது, குறுக்காக. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான். ஆழமான குழிகளை முன்பே தனியாக அடைத்துவிட்டேன். ஒரே பூச்சில் தடிமனாக அப்பினால் காயும்போது வெடிக்கும்.

நடுவில் ஒருமுறை தேநீர் குடிக்கப் போய்விட்டு, தகட்டைத் துடைக்காமல் திரும்ப எடுத்தேன். விளிம்பில் ஒட்டிக் காய்ந்திருந்த கடுகளவு துணுக்கு சுவர் முழுக்கக் கோடு இழுத்தது. அதன் பிறகு இடுப்பில் ஈரத்துணி, நாலு இழுப்புக்கு ஒருமுறை துடைப்பு.

இந்தத் தகடு எல்லா இடத்துக்கும் ஆகாது. மூலைகள், சுவிட்ச் பெட்டியைச் சுற்றி, ஜன்னல் ஓரம், இங்கெல்லாம் சின்னத் தகடுதான் ராஜா. அதேபோல் சுவரே பெரிதாகப் புடைத்திருந்தால், அதைப் பட்டியால் மறைக்க நினைப்பது வீண். அது சிமெண்ட் பூச்சு வேலையில் சரிசெய்ய வேண்டியது.

உப்புத்தாள் போடும்போதுதான் வித்தியாசம் முழுசாகத் தெரிந்தது. முதல் சுவரில் மதியம் முழுக்கத் தேய்த்து, முகமூடி போட்டும் மூக்கெல்லாம் வெள்ளை. அகலத் தகடு போட்ட சுவரில் 180 நம்பர் தாளால் டார்ச் வெளிச்சம் காட்டிய இடங்களை மட்டும் தொட்டேன். முதல் சுவரை என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் அதன் மேலேயே இன்னொரு மெல்லிய பூச்சு இழுத்துவிட்டேன்.

தகட்டின் முதுகில் நீளக் கழி மாட்டுகிற ஒரு துளை இருக்கிறது. கூரைக்கு அதை மாட்டிக்கொண்டு நின்றபடியே இழுக்கலாமாம். கழுத்து சம்மதித்தால் அடுத்தது அதுதான்.