எந்தக் கொள் வேண்டும்?

நவம்பர் 9

கொல்லிமலைக்கு இன்று மூன்றாவது தடவை. நாமக்கல் மலை அல்ல. நீலகிரியில் கோத்தர் பழங்குடியினரின் ஏழு ஊர்களில் ஒன்று. ரெக்கார்டரை எடுத்து வைத்ததும் பெரியவர் கேட்டார்: "எந்தக் கொள் வேணும் தம்பி?"

கொள் என்றால் அவர்களுக்கு ஊதுகுழலும்தான், அதில் வரும் மெட்டும்தான். சாமிக்கு ஒரு வகை, சாவுக்கு வேறு வகை. "எல்லாமே வேணும்" என்றேன்.

"சாவுக்கு ஊதுறத வீட்டுல சும்மா ஊதக் கூடாது." சொல்லிவிட்டு எழுந்து போனார். கோபமில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

நவம்பர் 16

ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பேரனுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் ஊதும்போது கன்னம் இரண்டும் உப்பி நிற்கின்றன. கன்னத்துக் காற்று குழலின் வாயிலுள்ள சீவாளிக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் அடுத்த மூச்சை இழுத்துக்கொள்கிறார். ஒலி அறுவதே இல்லை. பையன் அங்கேதான் திணறுகிறான். தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி நிற்காமல் ஊதச் சொன்னார். பத்து நொடி தாங்கினான். பக்கத்தில் மருமகன் தப்பட்டையை நெருப்பில் காட்டி, தட்டிப் பார்த்து, போதாதென்று மறுபடி காட்டினார். ஒவ்வொரு முறையும் தோல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக் கணீரென்றது.

நவம்பர் 23

மழை. பேச்சு பழைய காலத்துக்குப் போயிற்று. 1924இல் வந்த காய்ச்சல் கோத்தர்களில் பல பெரியவர்களையும் பூசாரிகளையும் வாரிக்கொண்டு போனது. சடங்கின் முறை தெரிந்தவர்கள் அவர்கள்தானே. பிறகு 1930களில், நீலகிரியின் இன்னொரு சமூகமான படகர் வீட்டுச் சாவுகளுக்குப் போய் வாசிக்கும் வழக்கமும் முறிந்தது. அந்த வேலையோடு ஒட்டியிருந்த தாழ்வை நினைத்தால் நின்றது நல்லதுதான். ஆனால் கொள் ஊதும் நாட்கள் குறைந்துபோயின. நாள் குறைந்தால் காதில் விழுவதும் குறையும்.

மெட்டை மட்டும் பிய்த்து எடுத்துப் பெட்டியில் வைக்க எனக்கு இனி மனம் வராது.

டிசம்பர் 7

பெரியவர் போன் செய்தார். "பிறை பாத்த அப்புறம் வர்ற திங்கக்கிழமை எங்க சாமி அய்யனோர் அம்மனோர் விழா தொடங்குது. வா. சாமிக்கு ஊதுறத அங்க எடுத்துக்கலாம், ஊர்ல கேட்டுட்டேன்."

மற்றதை நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "நான் போற அன்னிக்கு ஊதுவாங்க. அப்ப வந்து எடுத்துக்கோ தம்பி."

என்ன சொல்வதென்று தெரியாமல் பையனை விசாரித்தேன். தம்ளரில் இப்போது அரை நிமிடம் குமிழி விடாமல் வருகிறதாம்.